சாதி விவரம் யார் கைக்குப் போகிறது? மாணவர் தரவும் சட்டத்தின் மௌனமும்

சென்ற ஆண்டு ஒரு மாலையில், முதலாண்டு பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவருடைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் துறை அலுவலகம் பகிர்ந்த எக்செல் கோப்பு அதில் திறந்திருந்தது. உதவித்தொகை விவரங்களைச் சரிபார்த்து, பிழை இருந்தால் மாலைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. அதன் கீழே வகுப்பிலுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், தந்தையின் தொழில், குடும்ப வருமானம், உட்பிரிவுப் பெயரோடு கூடிய சாதி.

"யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ரூம்ல கூட இருந்த ரெண்டு பேரு மட்டும் அடுத்த வாரம் வேற ரூமுக்கு மாறிட்டாங்க. தோழர், இதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடலாம்?" என்று அவர் கேட்டார்.

அன்று என்னால் நேரான விடை சொல்ல முடியவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் என ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால் அந்த மாணவரைக் கைவிட்டது. அக்கைவிடல் எப்படி நேர்ந்தது, இன்றைய நிலையில் நம் கையில் என்ன இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இணையவழிக் கல்வியிலும் டிஜிட்டல் மாணவர் அடையாளத்திலும் தனியுரிமை பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் விளம்பர நிறுவனங்களைச் சுற்றியே நிற்கிறது. தலித் மாணவருக்கு அந்த ஆபத்தோடு வேறோர் ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. அவருடைய தரவு கசிந்தால், பக்கத்து இருக்கைக்கு அவர் சாதி தெரிந்துவிடுகிறது.

ஒரு குழந்தை, பல எண்கள்

அரசுப் பள்ளியில் சேரும் குழந்தையைச் சுற்றி இன்று எத்தனை பதிவுகள் உருவாகின்றன என்பதை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளம் அக்குழந்தைக்கு ஓர் எண்ணைத் தருகிறது. பெயர், பெற்றோர் விவரம், தொலைபேசி எண், மதம், சமூகப் பிரிவு உள்ளிட்டவை அதில் ஏற்றப்படுகின்றன. உயர்கல்விக்குச் சென்றால் யுமிஸ் தளம் இன்னொரு எண்ணைத் தருகிறது.

ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் தளம் முன்பு பள்ளிவாரியான மொத்தக் கணக்கை மட்டுமே திரட்டியது. எத்தனை பட்டியலின மாணவர்கள், எத்தனை மாணவிகள் என்ற எண்ணிக்கையோடு அது நின்றது. 2022-23 கல்வியாண்டு முதல் அது ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. இந்த மாற்றம் கிட்டத்தட்ட விவாதமே இல்லாமல் நடந்தது. ஒரு பள்ளியில் 40 பட்டியலின மாணவர்கள் இருக்கிறார்கள் என்பது புள்ளிவிவரம். அந்த 40 பேர் யார் யார் என்று பெயரோடும் எண்ணோடும் வைத்திருப்பது தனிநபர் கோப்பு. முன்னதால் திட்டம் தீட்டலாம், நிதி ஒதுக்கலாம். பின்னதைக் கொண்டு ஒருவரைத் தேடிப் பிடிக்கவும் முடியும்.

இவற்றின் மேல் வந்திருப்பதுதான் அபார் எண். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, 'ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாளம்' என்ற முழக்கத்தோடு 2023 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் இதற்கான பெற்றோர் ஒப்புதலைத் திரட்டத் தொடங்கியது. 12 இலக்கம் கொண்ட இந்த எண் ஆதாருடனும் டிஜிலாக்கருடனும் இணைகிறது. மதிப்பெண், சான்றிதழ், உதவித்தொகை, இணையவழிப் படிப்பில் பெறும் மதிப்பீட்டுப் புள்ளி ஆகிய அனைத்தும் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே எண்ணின் கீழ் சேரும் என்பதே அதன் நோக்கம்.

பள்ளிப் பதிவேட்டில் சாதி எழுதப்படுவது நமக்குப் புதிதன்று. ஆனால் பழைய பதிவேடு தலைமையாசிரியர் அறையின் அலமாரியில் இருந்தது. அதைப் பார்க்க விரும்பியவர் அந்த அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது. கிராமத்துப் பள்ளியில் எல்லாருக்கும் எல்லாரின் தெருவும் தெரியும் என்பதும் உண்மையே. ஆனாலும் ஊரைவிட்டு நகரத்துக் கல்லூரிக்கு வந்த மாணவர் தன் தெருவைப் பின்னே விட்டுவிட்டு வர முடிந்தது. அம்பேத்கர் கிராமத்தைவிட்டு வெளியேறச் சொன்னதன் பொருள்களில் ஒன்று அது. ஒரே எண்ணில் கோக்கப்பட்ட தரவு, அந்தத் தெருவையும் மாணவரோடு சேர்த்து நகரத்துக்கு அனுப்பி வைக்கிறது.

மறுக்க முடியாத ஒப்புதல்

அபார் கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரிலானது என்று ஒன்றிய அரசு சொல்கிறது. படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. ஆனால் 2025 ஜனவரியில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு 100 விழுக்காடு அபார் பதிவை எட்டும்படி அறிவுறுத்தியது. நூறு பேரும் கையெழுத்திட்டே தீர வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டு அதை விருப்பம் என்று அழைப்பது சொல்லுக்கும் பொருளுக்கும் செய்யும் துரோகம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கை ஒரு மானியமோ நலத்திட்டமோ அல்ல, ஆகவே அதற்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று கூறியது. ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்றும் கூறியது. 18 வயது நிறைந்தவர் ஆதாரிலிருந்து வெளியேற விரும்பினால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. இந்த உரிமையைப் பற்றி ஒரே ஒரு பள்ளியாவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. உதவித்தொகை ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே வரும் என்ற நிலையில், அந்த உரிமையைப் பயன்படுத்தும் பட்டியலின மாணவர் தன் படிப்பையே பணயம் வைக்க நேரிடும்.

யார் மறுக்க முடியும், யார் மறுக்க முடியாது என்பதும் சாதியோடும் வர்க்கத்தோடும் பிணைந்தது. கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிப் பெற்றோர் படிவத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்பலாம், வழக்கறிஞர் கடிதமும் கொடுக்கலாம். கல்வி உதவித்தொகை, விலையில்லா மிதிவண்டி, விடுதி இடம் என ஒவ்வொன்றுக்கும் பள்ளியையே நம்பியிருக்கும் கூலித் தொழிலாளி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லப்பட்ட இடத்தில் போடுகிறார். படிவத்தை வாசித்துக் காட்டவும் ஆளில்லை.

அப்பெற்றோரின் பிள்ளை இணையவழியில் விண்ணப்பிக்கும் இடம் எது என்பதையும் எண்ணிப் பாருங்கள். முதல் தலைமுறை மாணவர்கள் பலர் உதவித்தொகைக்கு ஊர்க் கடைத்தெருவிலுள்ள கணினி மையத்தில்தான் விண்ணப்பிக்கிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் அந்த மையத்தின் கணினியில் தங்கிவிடுகின்றன. கடவுச்சொல்லைக்கூட மையத்தில் இருப்பவரே உருவாக்கி, விண்ணப்பத்தின் மூலையில் எழுதித் தருகிறார். ஒருமுறைக் கடவுச்சொல் வருவதோ அப்பாவின் கைப்பேசிக்கு. அந்த எண்ணும் சில வேளைகளில் மேஸ்திரியுடையது, அல்லது பக்கத்து வீட்டுக்காரருடையது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் என்று டெல்லியில் எழுதப்படும் சொற்றொடர் கடைத்தெருவில் இந்த உருவத்தைத்தான் எடுக்கிறது.

கசிவு கற்பனையல்ல

தரவு பாதுகாப்பாக இருக்கிறது என்ற உறுதிமொழியை எந்த அளவுக்கு நம்பலாம்? கொரோனா முடக்கக் காலத்தில் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட திக்ஷா செயலி ஒன்றிய அரசுடையது. பாடநூல்களில் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீட்டின் வழி தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதனுள் சென்றார்கள். 2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளின் இணையவழிக் கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், அவற்றில் 89 விழுக்காடு குழந்தைகளைக் கண்காணித்தன, அல்லது கண்காணிக்கும் திறன் பெற்றிருந்தன என்று கண்டது. குழந்தையின் துல்லியமான இருப்பிடத்தைத் திரட்டும் திறன் திக்ஷாவுக்கு இருந்ததாகவும் அவ்வறிக்கை குறிப்பிட்டது.

2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. திக்ஷாவின் தரவைக் கொண்டிருந்த மேகக் கணினிச் சேமிப்பகம் ஒன்று பூட்டப்படாமல், ஓராண்டுக்கும் மேலாக, இணையத்தில் எவரும் காணும்படி கிடந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும், கிட்டத்தட்ட 6 லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி, படித்த பாடங்கள் ஆகியவையும் அதில் இருந்தன. தனியார் துறையும் மேலானதன்று. 2020இல் அன்அகாடமி தளத்திலிருந்து சுமார் 2.2 கோடிப் பயனர் கணக்குகளின் விவரம் திருடப்பட்டது.

இவை செய்தியான கசிவுகள். வகுப்புக் குழுவில் பகிரப்படும் எக்செல் கோப்பு எந்தச் செய்தியிலும் வராது. அதற்கு ஊடுருவல்காரர் தேவையில்லை. வேலைப் பளுவில் இருக்கும் ஓர் எழுத்தரும், யாருக்கு எந்தத் தரவு தெரிய வேண்டும் என்று ஒருபோதும் சிந்திக்காத ஒரு நிர்வாகமும் போதும்.

சாதி வெளிப்படும்போது நிகழ்வது

பெயர் வெளிப்படுவதும் சாதி வெளிப்படுவதும் ஒன்றல்ல என்பதை நம் கல்வி நிறுவனங்களே இப்போது ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2023இல் பட்டியலின மாணவர் ஒருவரின் மரணத்துக்குப் பின்னர், மும்பை ஐஐடி அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், சக மாணவரிடம் நுழைவுத் தேர்வுத் தரவரிசையைக் கேட்பதே முறையற்றது என்றது. சாதியை நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை, தரவரிசையைக் கேட்டாலே ஒதுக்கீட்டில் வந்தவரா என்பது தெரிந்துவிடும் என்ற நடைமுறை அறிவு அதன் பின்னால் இருக்கிறது. இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கத்தக்க தேர்வு முடிவுப் பட்டியல்கள் அந்தக் கேள்விக்கான தேவையையே நீக்கிவிடுகின்றன.

2021 ஏப்ரலில் கரக்பூர் ஐஐடியின் இணையவழி வகுப்பொன்றில் பேராசிரியர் ஒருவர் மாணவர்களை வசைபாடிய காணொளி வெளியானது. அது பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் வகுப்பு. திரையில் தெரிந்த ஒவ்வொரு முகமும் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது வகுப்பின் பெயரிலேயே இருந்தது. இணையவழி வகுப்பு சாதியை மறைக்கும் சமத்துவ வெளி என்று அந்நாள்களில் எழுதியவர்களுக்கு அந்தக் காணொளியே மறுமொழி.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவரும் அவர் தங்கையும் சொந்த வீட்டிலேயே சக மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டனர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த பத்தியோ விவரமோ இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, உதவித்தொகை குறித்த செய்தியை வகுப்பில் அறிவிக்காமல் தனிமையில் தெரிவிக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில.

கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் வருகைப் பதிவேடு வரை, சாதி எந்தெந்த வழியில் வகுப்பறைக்குள் வருகிறது என்பதை அக்குழு நுணுக்கமாகக் கண்டது. அதே நுணுக்கத்தோடு நாம் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும். காகிதப் பதிவேட்டில் சாதிப் பத்தியை அடித்துவிட்டு, ஆசிரியரின் கைப்பேசிச் செயலியில் அதைத் திறந்து வைத்திருந்தால் என்ன பயன்? தலைமையாசிரியர் அறையில் தனியே சொல்ல வேண்டிய உதவித்தொகைச் செய்தி வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், பரிந்துரையின் உயிரே போய்விடுகிறது.

சட்டத்திலிருந்து சாதி நீங்கிய கதை

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்) பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும், 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. இணையத்தில் பதிவேற்றியதும் பொதுப் பார்வைக்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியிருக்கிறது. அக்குழுவில் யாரேனும் அந்தக் கோப்பைச் சுட்டிக் கேலி செய்திருந்தால் வழக்குக்கு வழியிருந்திருக்கும். இங்கே யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அறையை மாற்றிக்கொண்டதைக் குற்றமாக நிறுவ முடியாது. கோப்பைப் பகிர்ந்த எழுத்தருக்கு இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தது என்றும் சொல்ல முடியாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43ஏ, நுண்ணுணர்வுத் தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு பெற வழி செய்கிறது. அது வணிக அல்லது தொழில்முறை நடவடிக்கையில் ஈடுபடும் நிறுவனங்களுக்கு உரியது. அரசுக் கல்லூரி அதில் அடங்காது. அதைவிடப் பெரிய தடை வேறு. 2011ஆம் ஆண்டு விதிகள் நுண்ணுணர்வுத் தரவு என்று பட்டியலிட்டவற்றில் கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், பாலியல் நாட்டம், உயிரியளவு அடையாளம் ஆகியவை உண்டு. சாதி இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தனர். அதையொட்டி நீதியரசர் பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் அளித்த வரைவு மசோதா, 'சாதி அல்லது பழங்குடி' என்பதை நுண்ணுணர்வுத் தரவின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் அது இருந்தது. சாதி விவரம் கசிந்தால் ஒருவர் வீடு இழக்கலாம், வேலை இழக்கலாம், உயிரும் இழக்கலாம் என்பதை இந்தியச் சட்ட வரைவு ஒன்று முதன்முறையாக உணர்ந்திருந்தது எனலாம். 2022இல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நுண்ணுணர்வுத் தரவு என்ற வகையே இல்லை. உங்கள் காலணி அளவும் உங்கள் சாதியும் இச்சட்டத்தின் கண்ணில் ஒன்றே.

அச்சட்டத்தின் பிரிவு 9 குழந்தைகளுக்கெனச் சில காப்புகளைத் தருகிறது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. ஆனால் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின் நான்காம் அட்டவணை, கல்வி நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கிறது. கல்விச் செயல்பாட்டுக்காகவோ, மாணவர் பாதுகாப்புக்காகவோ என்றால் அவை மாணவரைப் பின்தொடரலாம், நடத்தையைக் கண்காணிக்கலாம். கல்விச் செயல்பாடு என்ற சொல்லுக்குள் அடங்காதது எது? குழந்தைகள் பகல் முழுவதும் இருக்கும் இடத்திலேயே குழந்தைகளுக்கான காப்பு தளர்கிறது.

கல்லூரி மாணவருக்கோ 18 வயது நிறைந்துவிட்டதால் பிரிவு 9 பொருந்தாது. அவரிடமிருந்து அரசு தரவு பெறும்போது பிரிவு 7 வருகிறது. மானியம், நலத்திட்டம், சான்றிதழ் போன்றவற்றை வழங்க அரசுக்குப் புதிய ஒப்புதல் தேவையில்லை. ஒரு நலத்திட்டத்துக்கு முன்பு தந்த ஒப்புதலே இன்னொன்றுக்கும் போதுமானது. அரசின் உதவியை நாடாமல் படிக்க முடிந்தவருக்கு ஒப்புதல் என்னும் உரிமை இருக்கிறது. உதவித்தொகையால் படிக்கும் தலித் மாணவரிடம் அது பெயரளவுக்கே எஞ்சுகிறது.

சரி, மீறல் நிகழ்ந்துவிட்டால்? தண்டம் 250 கோடி ரூபாய் வரை விதிக்கப்படலாம். அந்தத் தொகை ஒன்றிய அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு இச்சட்டத்தில் இல்லை. இழப்பீட்டுக்கு இருந்த ஒரே வாசலான 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. அற்பமான புகார் கொடுத்ததாகக் கருதப்பட்டால் புகார்தாரருக்கே 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இத்தனைக்கும் மேல், சட்டத்தின் முதன்மைக் கடமைகள் விதிகள் வெளியான 18 மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும்.

ஒரு பிரிவு மட்டும் காத்திருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தும் பகுதி 2025 நவம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலையை அது உருவாக்கியிருக்கிறது. பொது நலன் பெரிதெனில் தகவல் தர வழிசெய்யும் 8(2) பிரிவு எஞ்சியிருந்தாலும், அதற்காக ஒவ்வொரு முறையும் மேல்முறையீடு வரை போராட வேண்டியிருக்கும். துணைத் திட்ட நிதி எங்கே போனது, விடுதிக்கு வந்த பொருள் யார் கையில் சேர்ந்தது என்று கேட்டுவந்த நம் தோழர்களின் கருவி மழுங்கடிக்கப்பட்டது. மாணவரின் சாதி விவரத்துக்குக் காப்பு வர 2027 வரை காத்திருக்க வேண்டும். அதிகாரியின் கோப்புக்குக் காப்பு உடனே வந்துவிட்டது.

சாதியைப் பதியவே கூடாதா?

இங்கே ஒரு மறுப்பு எழும். "அப்படியானால் சாதியைக் கேட்கவே வேண்டாமே, எல்லாரும் மாணவர்கள்தானே?" இட ஒதுக்கீட்டை வெறுப்பவர்களுக்கு மிகவும் உவப்பான வாதம் இது. அதை நாம் ஏற்க முடியாது. சாதி பதியப்படாவிட்டால் ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை, இடைநிற்போர் யார் என்ற கணக்கும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பணியிடங்களில் எத்தனை பட்டியலினத்தவர் இருக்கிறார்கள் என்று கேட்கவும் தரவு வேண்டும். சாதியை எண்ணாத அரசு சாதியை ஒழித்த அரசு ஆகிவிடாது.

எனவே நம் கோரிக்கை வேறு. உரிமையை வழங்குவதற்காகப் பெறப்படும் சாதி விவரம் அந்த ஒரு பணிக்கு மட்டுமே பயன்பட வேண்டும். உதவித்தொகைப் பிரிவின் அலுவலருக்கு அது தேவை. வகுப்பாசிரியருக்குத் தேவையில்லை. பாடக் காணொளி வழங்கும் தனியார் நிறுவனத்துக்கும் தேவையில்லை. கட்டணச் சலுகை உண்டா என்று கணக்குப் பிரிவு கேட்டால், தரவுத்தளம் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொன்னால் போதும். உட்பிரிவின் பெயரைக் காட்ட வேண்டியதில்லை. தொழில்நுட்பத்தில் இது கடினமன்று. வங்கி அட்டையின் எல்லா இலக்கங்களையும் கடைக்காரருக்குக் காட்டாமல் மறைக்கத் தெரிந்த நாடு, மாணவரின் சாதியையும் மறைக்கலாம்.

இன்றே கையில் இருப்பவை

2027 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகள், வகுப்பில் மாணவர்களின் சாதிப் பெயரை 'வாய்மொழியாகவோ வேறு வகையிலோ' அறிவிப்பதையும், ஒதுக்கீட்டு மாணவர் என முத்திரையிடுவதையும் பாகுபாடாகக் கருதுகின்றன. 'வேறு வகையிலோ' என்ற சொல்லுக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்த கோப்பும் அடங்கும் என்பதே என் வாதம். 2026 ஜனவரியில் வந்த புதிய விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்து, 2012 விதிமுறைகளே தொடரும் என்று இடைக்காலமாக உத்தரவிட்டதால், இந்தச் சொற்கள் நமக்கு இன்னும் உயிருள்ளவை.

இப்படிப்பட்ட கோப்பு உங்கள் குழுவில் வந்தால் நாளும் நேரமும் தெரியும்படி திரைப்படம் எடுத்து வையுங்கள். கோப்பை வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். அது மற்ற மாணவர்களின் தரவும்கூட. கல்லூரி முதல்வருக்கும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலருக்கும் எழுத்துமூலம் முறையிடுங்கள். கோப்பை நீக்கவும், இனி எவ்வழியில் விவரம் சரிபார்க்கப்படும் என்று தெரிவிக்கவும் கோருங்கள். பதில் இல்லையெனில் மாநில, தேசிய ஆதிதிராவிடர் ஆணையங்கள் உள்ளன. அரசு நிறுவனமெனில் தனியுரிமைத் தீர்ப்பின் அடிப்படையில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் தாக்கல் செய்யலாம்.

தமிழ்நாடு அரசிடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. எமிஸும் யுமிஸும் மாநிலத்தின் சொந்தத் தளங்கள். அவற்றில் சாதி விவரத்தை யார் பார்க்கலாம் என்று வரையறுக்க ஓர் அரசாணை போதும். யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்ற பதிவை மாணவரே காணும் வசதி வேண்டும். கல்விச் செயலி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வெளியிடப்பட வேண்டும். அபார் படிவத்தில் 'ஒப்புதல் இல்லை' என்ற கட்டமும், அதைத் தேர்ந்தாலும் எந்தப் பயனும் நிற்காது என்ற வரியும் தமிழில் இடம்பெற வேண்டும். சந்துரு குழுவின் பரிந்துரைகளைக் காகிதப் பதிவேட்டைத் தாண்டி, மின்பதிவேட்டுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் நீட்ட வேண்டும். ஒன்றியச் சட்டத்தில் சாதியும் பழங்குடியும் மீண்டும் நுண்ணுணர்வுத் தரவாக இடம்பெறவும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்கவும் திருத்தம் வேண்டும். இது தலித் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அருகே எழுதப்பட வேண்டிய கோரிக்கை.

அந்த மாணவர் வழக்குத் தொடரவில்லை. முறையீட்டுக் கடிதம் எழுத உதவினேன். கோப்பு நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் அது அறுபது கைப்பேசிகளில் இறங்கிவிட்டிருந்தது. அந்த ஆண்டு உதவித்தொகையைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியிருந்தபோது, "விட்டுரலாமா தோழர்?" என்று என்னிடம் கேட்டார். விட வேண்டாம் என்றேன், விண்ணப்பித்தார். தன் உரிமையைப் பெறுவதா, தன்னை மறைத்துக்கொள்வதா என்ற அந்தத் தேர்வை 18 வயதுப் பிள்ளை ஒருவர் முன் வைத்தது அந்த எழுத்தரின் கவனக்குறைவு மட்டுமன்று. சாதியைக் கேட்கத் தெரிந்து, காக்கத் தெரியாத ஒரு முழு அமைப்பு அது. அடுத்த மாணவருக்கு அந்தத் தேர்வு வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.